வழிச்செலவுக்கு ஐந்து பிராங்கு

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரான்சிலிருந்து பஞ்சாபுக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1916 சனவரியில் எழுதப்பட்ட கடிதம் அது. எழுதியவர் பஞ்சாபி முஸ்லிம் படைவீரர் ஒருவர். தாம் மூன்று மாதங்கள் தங்கியிருந்த ஒரு வீட்டைப் பற்றித் தம் நாட்டிலுள்ள ஒருவருக்கு எழுதுகிறார். வசதி படைத்தவர் வீடு. ஆயினும் அப்போது அதில் இருந்தவர் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் மட்டுமே. அம்மையாருக்கு மூன்று புதல்வர். மூவரும் போருக்குச் சென்றுவிட்டனர். ஒருவர் மாண்டுபோனார். மற்றொருவர் காயமுற்று மருத்துவமனையில் இருந்தார். மூன்றாமவர் அந்நேரத்தில் போர்முனைப் பதுங்குகுழியில் நின்றுகொண்டிருந்தார்.

அம்மூன்று மாதங்களில் அம்மையார் சும்மா உட்கார்ந்திருக்கத் தாம் ஒருநாளும் கண்டதில்லை என்கிறார் வீரர். தாமாகவே முன்வந்து வீரரின் துணிகளைத் துவைத்தார், படுக்கையைச் சீர்செய்தார், காலணிகளுக்கு மெருகேற்றினார். நாள்தோறும் காலையில் ரொட்டி, வெண்ணெய், பால், காப்பி ஆகியவற்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். படை அவ்வூரைவிட்டுப் புறப்பட்ட நாளில் வீரரின் தோளில் சாய்ந்து அழுதார். இறந்துபோன மகனுக்காக அவர் அழுது தாம் பார்த்ததே இல்லை, தமக்காக அழுகிறாரே என்று வீரர் வியக்கிறார். விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று ஐந்து பிராங்குத் தாள் ஒன்றை அவர் கையில் வைத்து அழுத்தினார் அம்மையார். வெளியூர் செல்லும் பிள்ளைக்குக் கட்டுச்சோறும் கைக்காசும் கொடுத்தனுப்பும் வழக்கம் நம் வீடுகளுக்கு மட்டும் உரியது அன்று போலும்.

இதனைத் தாய்மையின் வெளிப்பாடு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. வீரர் வியப்பது அம்மையாரின் அன்பை மட்டும் அன்று. உயர்குடியைச் சார்ந்த பெண் ஒருவர் ஓயாது உழைப்பதையும்தான். நம் நாட்டுப் பெண்டிருக்கும் இந்நாட்டுப் பெண்டிருக்கும் இடையே பெருந்தொலைவு இருக்கிறது என்னும் கருத்தும் அக்கடிதத்தில் இடம்பெறுகிறது. பஞ்சாபின் வயல்களில் பெண்கள் உழைக்காமல் இல்லை. ஆனால் ஏழைப் பெண்ணின் உழைப்பு யாருக்கும் வியப்பூட்டுவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பெண் கையை அழுக்காக்கிக்கொள்வதே வியப்பாகிறது. மேலும், பிறர் காலணியைத் தொட்டுத் துடைப்பது இன்னார் தொழில் என்று பிறப்பால் வகுத்து வைத்திருக்கும் நாட்டிலிருந்து சென்றவர் அவர். தம்மை ஆள்வோரின் நிறத்தைக் கொண்ட அம்மையார் தம் காலணியை மடியில் வைத்து மெருகேற்றுவதைக் காண்பது அவருக்கு எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்பதை நாம் உணர்ந்துகொள்ள வேண்டும். ஊருக்கு எழுதியே தீரவேண்டிய செய்தி அது.

நம் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில், இந்திச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவரான சந்திரதர் சர்மா குலேரி எழுதிய ‘உஸ்னே கஹா தா’ என்னும் கதையைப் பற்றிப் பேச்செழுந்தது. 1915இல் ‘சரஸ்வதி’ இதழில் வெளிவந்த கதை அது. பதுங்குகுழியின் குளிரிலும் சேற்றிலும் கிடக்கும் சீக்கிய வீரர்கள் உரையாடிக்கொள்ளும் இடத்தில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் குறிக்கப்படுகிறார். தம் தோட்டத்துக்கு வரும் வீரர்களுக்குப் பழமும் பாலும் வாரி வழங்குகிறார். எவ்வளவு வற்புறுத்தினாலும் காசு வாங்க மறுக்கிறார். தம் நாட்டைக் காக்க வந்தவர்களிடம் காசு வாங்குவதா என்பது அவர் எண்ணம். கதையின் நடுவே இரண்டு மூன்று தொடர்களில் வந்து மறைந்துவிடும் பாத்திரம். இப்படி ஒரு பெண்மணி உண்மையில் இருந்திருக்க முடியுமா, அல்லது இராசபுத்தானத்தில் ஆசிரியப்பணி புரிந்துகொண்டிருந்த குலேரி கற்பனையில் படைத்துக்கொண்டவரா என்று ஓர் அன்பர் வினவினார். முற்கூறிய கடிதம் அவ்வினாவுக்கு விடையாகிறது. இருந்திருக்கிறார், ஒருவரல்லர், பலர். இனி எஞ்சி நிற்பது வேறொரு வினா. கடிதத்து அம்மையார் யார்? அவர் இல்லத்தில் மூன்று மாதம் தங்கிய அந்த வீரர் யார்? ஒருவரை ஒருவர் மறக்காத இவ்விருவரையும் வரலாறு அடையாளம் காணுமா?

முதலில் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. செப்டம்பர் 26 அன்று இந்தியப் படையின் முதற்பகுதி மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. லாகூர், மீரட் என்னும் இரண்டு காலாட்படைப் பிரிவுகளும், அவற்றைத் தொடர்ந்து இரண்டு குதிரைப்படைப் பிரிவுகளும் பிரான்சு சேர்ந்தன. போர் முடிவதற்குள் வீரரும் தொழிலாளருமாக ஏறத்தாழ 1,38,000 இந்தியர் மேற்குப் போர்முனைக்குச் சென்றனர். வெப்பநாட்டுச் சீருடையோடு சென்றவர்கள் அவ்வாண்டின் குளிர்காலத்தைப் பிளாண்டர்சின் ஈரமண்ணில் கழித்தனர். 1915 மார்ச்சு 10 அன்று தொடங்கிய நவ் ஷப்பேல் போரில் பெருந்தொகையினர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் காலாட்படைப் பிரிவுகள் மெசப்பத்தேமியாவுக்கு அனுப்பப்பட்டன. குதிரைப்படை மட்டும் 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே இருந்தது. இதனால் நமக்கு ஒரு துப்புக் கிடைக்கிறது. காலாட்படை நீங்கிய பிறகு, 1916 சனவரியில், பிரான்சிலிருந்து எழுதும் இவ்வீரர் குதிரைப்படையையோ அதனோடு இணைந்த துணைப்பிரிவு ஒன்றையோ சார்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

குதிரைப்படையினர் ஊர்மக்களோடு நெருங்கிப் பழகியதற்குக் காரணம் உண்டு. முள்கம்பி வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் ஆண்ட அப்போர்க்களத்தில் குதிரைக்கு இடமில்லை. எதிரியின் அணி உடைபடும் நாளில் பாய்ந்து செல்வதற்காக அவர்கள் பின்னணியிலுள்ள சிற்றூர்களில் காத்திருந்தனர். அந்நாள் வரவே இல்லை எனலாம். காத்திருந்த காலத்தில் படை தங்குவதற்கு ஊரார் வீடுகளும் களஞ்சியங்களும் ஒதுக்கப்பட்டன. படைக்கு முன்னே சென்ற சிறு குழுவினர் வீடுதோறும் பார்த்து, இவ்வீட்டில் இத்தனை ஆள், இத்தொழுவத்தில் இத்தனை குதிரை என்று கதவில் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டுப் போவர். வீட்டுக்காரருக்குச் சிறு தொகை உண்டு. பெரும்பாலான வீரருக்குக் களஞ்சியத்து வைக்கோலே படுக்கை. வீட்டுக்குள் அறை கிடைப்பது நற்பேறு. வைக்கோற்போர் கலைந்தது, வேலி முறிந்தது, குதிரை மரப்பட்டையைத் தின்றது என்று இழப்பீடு கோருவோரின் மனுக்களை விசாரிப்பதற்கெனவே பிரித்தானியப் படையில் தனியலுவலகம் இயங்கியது. மனவேறுபாடு தாளில் பதிவாகும் முறை ஒன்று அன்றே இருந்தது. மன ஒற்றுமையைப் பதிவு செய்ய மனுப்படிவம் ஏது?

ஆயினும் பதிவாகியிருக்கிறது, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது தணிக்கை அலுவலகத்துக்கு! 1914இன் இறுதியில் இந்தியப் படையினரின் அஞ்சலைத் தணிக்கை செய்யும் பொறுப்பு, இந்திய ஆட்சிப் பணியிலிருந்து வந்த ஈவ்லின் பெர்க்லி ஹவல் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பூலோன் நகரில் அவரது அலுவலகம் அமைந்தது. ஆட்சிக்கு எதிரான துண்டறிக்கைகள் படைவீரர் கைக்குச் சேராமல் தடுப்பதே தொடக்க நோக்கம். நாளடைவில் வீரரின் மனநிலையை ஒற்றறிவது தலையாய வேலையாயிற்று. உருது, இந்தி, பஞ்சாபி, பஷ்தூ முதலிய மொழிகளில் எழுதப்பட்ட கடிதங்களைப் படித்து, குறிப்பிடத்தக்க பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாரந்தோறும் அறிக்கையோடு மேலிடத்துக்கு அனுப்பினர். மூலக் கடிதங்கள் உரியவர்க்குச் சென்று, பஞ்சாபின் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பெட்டியில் செல்லரித்துப் போயின. இன்று நம் கையில் இருப்பவை அம்மொழிபெயர்ப்புகளே.

இக்கடிதங்களின் இயல்பை அறியாமல் இவற்றைச் சான்றாகக் கொள்ளலாகாது. எழுத்தறிவற்ற வீரர் பலர் மற்றொருவரைக் கொண்டு கடிதம் எழுதுவித்தனர். ஊருக்குச் சென்ற கடிதமோ ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்கப்படுவது. இடையில் தணிக்கையாளர் இருக்கிறார் என்பதும் வீரர்க்குத் தெரியும். கறுப்பு மிளகு என்றால் இந்திய வீரர், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளை வீரர் என்று குழூஉக்குறி வைத்துக்கொண்டு உயிரிழப்புகளைப் பற்றி அவர்கள் எழுதியது பலரும் அறிந்த செய்தி. அக்குறியைத் தணிக்கையாளரும் விளங்கிக்கொண்டனர் என்பதனால்தான் அது நமக்குத் தெரியவருகிறது! ஆக, ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் பிரித்துப் படித்துப் பெயர்க்க, நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும் சொற்கள் இவை. இவ்வறிக்கைகள் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங்கின் கைக்கும் போயின. அவர் அவற்றிலிருந்து நான்கு கற்பனைக் கடிதங்களைப் புனைந்து ‘ஆசியாவின் கண்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1918இல் நூலாக்கினார். வீரரின் சொல் நான்காம் முறையாகக் கைமாறியது.

அம்மையாரைப் பற்றிய இக்கடிதம் தணிக்கையாளரின் கண்ணில் பட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது தற்செயல் அன்று என்றே கருதுகிறேன். இந்திய வீரர் வெள்ளைப் பெண்களோடு பழகுவது ஆட்சியாளர்க்குப் பெரும் அச்சமாக இருந்தது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் காயமுற்ற இந்தியர்க்கென நிறுவப்பட்ட கிச்சனர் மருத்துவமனையில் முள்கம்பி வேலியிட்டுக் காவல் வைத்தனர். நோயாளிகள் நகருக்குள் உலவுவதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தனர். ஆகவே பிரெஞ்சுப் பெண் என்னும் சொல் எங்கு வந்தாலும் தணிக்கையாளரின் எழுதுகோல் அங்கே நின்றது. தேடியது காதலை, அகப்பட்டது ஒரு மூதாட்டியின் கண்ணீர். ஐயம் மட்டும் இல்லாதிருந்தால் இக்கடிதம் உரியவரைச் சேர்ந்து, படிக்கப்பட்டு, மறக்கப்பட்டிருக்கும்.

இனி வீரரைத் தேடும் வழியைக் காண்போம். அறிக்கையில் பெயர்க்கப்பட்ட ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் எழுதியவர் பெயர், அவர் சார்ந்த சமயம் அல்லது குலம், படைப்பகுதி, பெறுநர் பெயர் ஆகியன பொதுவாகக் குறிக்கப்பட்டிருக்கும். பெயர் இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். போதாது. கான் என்றும் சிங் என்றும் முடியும் பெயர்கள் ஒவ்வொரு படையணியிலும் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரே பெயரை ஓர் எழுத்தர் ஒருவிதமாகவும் மற்றோர் எழுத்தர் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதினர். தந்தை பெயரும் ஊரும் சேர்ந்தாலன்றி ஆளை உறுதி செய்தல் இயலாது. வீரர்க்கு இடப்பட்ட எண்ணும் அவரது படையணிக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

இத்துறையில் அண்மையில் நிகழ்ந்த பெரும் நன்மை பஞ்சாபின் பதிவேடுகள் வெளிப்பட்டமையே. போர் முடிந்ததும், 1919இல், பஞ்சாப் அரசு ஊர்வாரியாகப் போருக்குச் சென்றோர் பட்டியலைத் தொகுத்தது. ஏறத்தாழ 3,20,000 பேரைப் பற்றிய, 26,000 பக்கங்கள் கொண்ட அப்பேரேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் ஆள்தொடாமல் கிடந்தன. இங்கிலாந்திலுள்ள பஞ்சாபியர் மரபுக் கழகம் ஒன்று கிரீனிச்சுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து அவற்றைக் கணினிக்கு ஏற்றத் தொடங்கி, முதற்கட்டமாக ஜலந்தர், லூதியானா, சியால்கோட்டு ஆகிய மூன்று மாவட்டப் பகுதிகளை 2021 நவம்பரில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. பெயர், தந்தை பெயர், ஊர், படையணி என வரிசையாக எழுதப்பட்ட ஏடுகள். மாண்டவர் மட்டுமன்றி மீண்டவரும் இவற்றில் இடம்பெற்றுள்ளனர் என்பதே இவற்றின் தனிச்சிறப்பு.

மீண்டவர் என்னும் சொல்லை நான் வேண்டுமென்றே அழுத்திக் கூறுகிறேன். போர் ஆவணங்கள் மாண்டவரையும் விருது பெற்றவரையும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. நவ் ஷப்பேலில் எர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927 அக்டோபர் 7 அன்று திறந்துவைக்கப்பட்ட வட்டவடிவ நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உயிரோடு ஊர் திரும்பி, நிலத்தை உழுது, முதுமையுற்று மறைந்தவருக்கு அங்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. கைதியானவருக்கோ வேறொரு வகையில் நினைவு வாய்த்தது. செருமானியரிடம் சிறைப்பட்டு, பெர்லினுக்கு அருகே வுன்ஸ்டார்ப் முகாமில் வைக்கப்பட்ட இந்தியரின் குரல்களை மொழியாய்வுக்கென ஒலித்தட்டில் பதிவு செய்தனர். 1916 டிசம்பர் 11 அன்று பதிவான மல் சிங் என்பவரின் குரலை இன்றும் கேட்கலாம். ஒரு மனிதன் இருந்தான் என்று கதைபோலத் தொடங்கி, இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்று வளர்ந்தவன் இப்போருக்கு வந்து சிக்கிக்கொண்டான் என்று தம்மையே படர்க்கையில் வைத்துச் சொல்கிறார். பகைவரிடம் அகப்பட்டவருக்குக் குரல் எஞ்சியது. நட்புநாட்டு அம்மையாரின் வீட்டில் விருந்தாளியாக இருந்தவருக்கு ஒரு கடிதத்தின் மொழிபெயர்ப்பு எஞ்சியது.

பெயர் பொறித்தல் என்னும் செய்தி தமிழாசிரியராகிய எனக்கு நடுகல்லை நினைவூட்டாமல் இருக்க இயலாது. கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து அதனை நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டபோது, ஆநிரை மீட்டு மாண்ட எளிய மறவரின் பெயரும் ஊரும் தலைவனும் நிகழ்ச்சியும் ஆண்டும் அக்கற்களில் குறிக்கப்பட்டிருப்பதைப் புலமையுலகம் வியந்து நோக்கியது. பல்லவர் காலத்துச் சிற்றூரில் கிட்டிய அச்சிறப்பு இருபதாம் நூற்றாண்டில் கிட்டவில்லை. 1914-1919 போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று தொகையை மட்டும் பொறித்த கற்களை வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இன்றும் காணலாம். எண் உண்டு, பெயர் இல்லை. ஈராக்கின் பாசுரா நினைவுச்சின்னத்திலும் இதே நிலைதான். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்திய வீரர்கள் படையணிக்கு இத்தனை பேர் என்ற தொகையாகவே நின்றனர். பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் நியமித்த குழு 2021 ஏப்பிரலில் அளித்த அறிக்கை இவ்வேற்றுமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், கூடினால் 3,50,000 பேர் வரையில், பெயர் சொல்லி நினைவுகூரப்படாமலோ நினைவுகூரப்படாமலேயோ விடப்பட்டிருக்கலாம் என்கிறது அவ்வறிக்கை. பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் ஆவர். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா கடற்கரையில் இறக்கப்பட்ட 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை முதலிய சென்னை மாகாணப் படையணிகளின் வரலாற்றைப் படிப்போர் இவ்வறிக்கையையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும்.

இவ்வகையில் பிரான்சுக்குச் சென்றவர் நற்பேறுடையவரே. அங்கு அவர்களைப் பார்த்த கண்கள் மிகுதி. பார்த்ததை எழுதி வைத்த கைகளும் உண்டு. பெல்ஜியத்தின் டிக்கெபுசு என்னும் சிற்றூரில் துணைப் பங்குக்குருவாக இருந்த அக்கீல் வான் வாலகெம் போர்க்காலம் முழுவதும் நாட்குறிப்பு எழுதினார். தலைப்பாகையோடு வந்த இந்தியர் பால் வாங்குவதற்காக நெடுந்தொலைவு நடந்து வருவதையும், பாலை ஊற்றும்போது கண்ணை எடுக்காமல் கவனிப்பதையும், பணிவும் இன்முகமும் உடையவராக இருப்பதையும் அவர் குறித்துள்ளார். பால் ஊற்றுவதைக் கவனிப்பதைக் குருவானவர் ஐயப்படும் குணமாகக் கருதினார். சமய நெறிப்படி உண்ணத்தகாதது கலந்துவிடுமோ என்னும் கவலை அது என்பது நமக்கு விளங்குகிறது. குலேரியின் கதையில் பால் வழங்கும் பெண்மணியும் இந்நாட்குறிப்பில் பால் விற்ற வீட்டாரும் ஒரே காட்சியை இரு புறத்திலிருந்தும் காட்டுகின்றனர். ஆனால் நாட்குறிப்பு இந்தியர் என்று பொதுவாகச் சொல்கிறதே அன்றி, இன்னார் என்று சொல்வதில்லை. வீட்டார் நினைவின் இயல்பும் அதுவே. தலைப்பாகை நினைவிருக்கும், தட்டையான ரொட்டி சுட்டது நினைவிருக்கும், பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றிவைத்தது நினைவிருக்கும். பெயர், நாவுக்கு வராத பெயராதலால், முதலில் மறையும். படைவீரருக்கும் அவ்வாறே. அம்மையாரின் மூன்று புதல்வரின் நிலையையும் துல்லியமாக எழுதியவர் அம்மையாரின் பெயரை எழுதவில்லை. பெரியவரைப் பெயர் சொல்லிக் குறிப்பது மரியாதையன்று என்னும் நம் நாட்டு வழக்கமும் இதற்குக் காரணமாகலாம்.

கடிதத்தில் ஊரின் பெயரும் இல்லை. படை இருக்கும் இடத்தை எழுதக்கூடாது என்பது போர்க்கால விதி. எனினும், வீரரைக் காட்டிலும் அம்மையாரைத் தேடும் வழியே தெளிவாக இருக்கிறது என்பது வியப்பான உண்மை. ஒவ்வொரு படைப்பகுதியும் தான் எந்நாளில் எவ்வூரில் தங்கியது என்று நாள்தோறும் எழுதிய போர் நாட்குறிப்புகள் இங்கிலாந்தின் கியூ நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கடிதத்தின் தலைப்பில் உள்ள படைப்பகுதியைக் கொண்டு 1915இன் பிற்பகுதியில் அது தங்கிய ஊர்களை வரிசைப்படுத்தலாம். மூன்று மாதம் ஒரே ஊரில் தங்கியது என்னும் குறிப்பு ஊர்களின் தொகையைக் குறைத்துவிடும். பின்னர்ப் பிரான்சின் குடிக்கணக்குக்குச் செல்ல வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட அக்கணக்கு 1911இல் எடுக்கப்பட்டது. 1916இல் போரினால் கைவிடப்பட்டது. மீண்டும் 1921இல் எடுக்கப்பட்டது. தெருவாரியாக, வீடுவாரியாக, வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த ஆண்டும் தொழிலும் அதில் உள்ளன. 1911ஆம் ஆண்டுக் கணக்கில் மூன்று ஆண்மக்களைப் பெற்ற வசதியுள்ள வீடுகளைக் குறித்துக்கொள்ளலாம். புதல்வர் மணமாகித் தனிக்குடித்தனம் போயிருந்தால் வேலை கடினமாகும். செய்ய இயலாதது அன்று.

அடுத்த படி, மாண்ட மகனைக் காண்பது. பிரான்சுக்காக உயிர் நீத்தோர் என்று அறிவிக்கப்பட்ட 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அட்டைகளைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் 2003 முதல் கணினிவழி எவரும் காணும்படி செய்திருக்கிறது. பிறந்த நாள், பிறந்த ஊர், படையணி, இறந்த நாள், இறந்த இடம் ஆகியன ஒவ்வோர் அட்டையிலும் உண்டு. இந்தப் பட்டியல் நமக்கும் அயலானதன்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிறந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து மாண்டோரும் இதில் இருக்கின்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் 1938இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் அவர்கள் பொருட்டே நிற்கிறது. காயமுற்ற இரண்டாம் மகனின் செய்தி மாவட்ட ஆவணக் காப்பகத்தின் படைச்சேர்க்கைப் பேரேட்டில் இருக்கும். எந்நாளில், எவ்விடத்தில், உடலின் எவ்வுறுப்பில் காயம் என்பதுவரை அதில் எழுதுவர். மாண்ட ஒருவர், காயமுற்ற ஒருவர், களத்தில் நின்ற ஒருவர் என்னும் மூன்றும் ஒரு தாய்க்கு ஒரே காலத்தில் பொருந்தும் வீடு, ஊருக்குப் பல இருக்க முடியாது. அம்மையாரின் பெயர் கணக்கேட்டின் ஒரு வரியில் காத்துக்கொண்டிருக்கிறது.

வீரரின் ஊரிலும் இத்தகைய ஏடு இருந்திருந்தால் தேடல் இருபுறமும் ஒத்திருக்கும். ஒரு நாடு தன் குடிகளைக் குடிகளாக எண்ணியது. மற்றொரு நாட்டை ஆண்டோர் அதன் மக்களைப் படைக்கு ஆள்தரும் குலங்களாக எண்ணினர். கடிதத் தலைப்பில் பெயருக்கு அருகே குலத்தையும் சமயத்தையும் தவறாமல் எழுதிய தணிக்கையாளர் ஊரையும் தந்தை பெயரையும் அதே ஒழுங்கோடு எழுதவில்லை. 2016இல் பிரான்சின் ரிஷ்பூர் அருகே மண்ணைத் தோண்டியபோது இரண்டு இந்திய வீரரின் எலும்புகள் கிடைத்தன. தோளில் அணியும் உலோகக் குறியைக் கொண்டு அவர்கள் 39ஆம் கார்வால் துப்பாக்கிப் படையினர் என்று கண்டனர். 2017 நவம்பரில் லவாந்தி கல்லறையில் படைமரியாதையோடு அவர்களை அடக்கம் செய்தபோது கல்லில் எழுதப் படையின் பெயர் இருந்தது. அவர்கள் பெயர் இல்லை.

1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு இன்னொரு செய்தியையும் சொல்லக்கூடும். கடிதம் எழுதப்பட்ட காலத்தில் மூன்றாம் மகன் பதுங்குகுழியில் இருந்தார். போர் முடிய மேலும் 2 ஆண்டு 10 மாதம் இருந்தது. இடையில் வெர்தனும் சொம்மும் வந்தன. அவ்வீட்டின் வரியில் அம்மையாரின் பெயருக்குக் கீழே, மகன் என்னும் உறவுக் குறிப்போடு, யார் பெயர் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.